ஒரு விரல் கூடிய ஜன்னல்

வண்ணக் கண்ணாடி வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை துளசிங்கத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. முகம் பார்க்க ஒரு கண்ணாடி, பேப்பர் படிக்க ஒரு கண்ணாடி, ஒரு மனிதனுக்கு இவை போதும் என்று இருந்தவர். அப்படிப்பட்டவர் அறுபது தாண்டிய பிறகு, ஞாயிறு தோறும் திருத்தணியில் பஸ் ஏறிக் கனகம்மாசத்திரத்தில் இறங்கி, காலேஜ் பெண்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி அறுக்கக் கற்றுக்கொண்டார் என்றால் அதற்குக் காரணம் ஆர்வம் அல்ல, பிடிவாதம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சொந்த ஊர் அம்மையார்குப்பம். பால்பல் விழுந்த வயதிலிருந்து தறியோடு பழக்கம். அவருடைய தறிகளை இப்போது தம்பி ஓட்டுகிறார். தறி நன்றாகத்தான் ஓடுகிறது, ஓடாதது துளசிங்கத்தின் முழங்கால். தறிச் சத்தத்தை விட்டு விலகியதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. "காது இப்பத்தான் எனக்குச் சொந்தமாச்சு" என்பார். காது சொந்தமானதும் அதில் முதலில் விழுந்தது மனைவி கௌரியம்மாளின் குரல். அது வேறு விஷயம்.

கல்யாணமான புதிதில் அம்மையார்குப்பத்து வீட்டில் தறிகள் போக மிச்சமிருந்த இடத்தில் அண்ணன் தம்பிகள் படுத்தார்கள். அதிலும் மிச்சம் பிடித்துப் புதுப்பெண்ணைக் குடிவைக்க வழியில்லை. ஆகவே திருத்தணியில், மலையடிவாரத்துச் சந்து ஒன்றில், பழைய மாடி வீட்டில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தார். அறை என்று சொன்னாலும் அடுப்பும் பாயும் தண்ணீர்ப் பானையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்த பெட்டி அது. கட்டியவர் யாரோ வசதியானவர். எங்கே செலவழிப்பது என்று தெரியாமல் அந்த அறையின் ஒரே ஜன்னலுக்கு மேலே விசிறி வடிவத்தில் வண்ணக் கண்ணாடி பதித்திருந்தார். காற்று வராத அறைக்கு விசிறி.

ஆனால் வெளிச்சம் வந்தது. விடிந்ததும் சிவப்பு ஒரு துண்டு சுவரில் விழும். கொஞ்ச நேரத்தில் அது இறங்கி வந்து பானையின் கழுத்தைத் தொடும். தொட்டால் அம்மையார்குப்பத்துத் தறிக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பொருள். அறையில் கடிகாரம் இல்லை. சிவப்பு பானையைத் தொட்டதும் துளசிங்கம் வாயில் இருந்த இட்லியோடு சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார். மேக மூட்டமான நாட்களில் பஸ்ஸைத் தவறவிட்டு, தகப்பனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். முருகனைப் பார்க்க ஊரே மலையேறிக்கொண்டிருந்த தெருவில், அவர் ஒருவர்தான் அன்றாடம் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடியவர்.

மகன் வளவன் பிறந்த பிறகு ஊரில் தம்பி தனிக்குடித்தனம் போக, இடம் கிடைத்து இவர்கள் அம்மையார்குப்பத்துக்கே திரும்பினார்கள். மாடி வீட்டைப் பிற்பாடு இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். கிருத்திகைக்கு மலைக்கு வரும்போதெல்லாம் கௌரியம்மாள் அந்த லாட்ஜுக்கு எதிரே நின்று, மூன்றாவது மாடியில் தொங்கும் ஏசி பெட்டியை நோக்கிக் கை நீட்டுவார்.

"அதோ, அந்தப் பொட்டி இருக்குது பாருங்க. அங்கதான் நம்ம ஜன்னல்."

"நம்ம ரூம் ரெண்டாவது மாடிதானே?"

"மூணாவது. ஏறி எறங்குனவ நான்."

வீடு இருந்தவரை அதில் இரண்டே மாடிகள்தான் இருந்தன என்பதைத் துளசிங்கம் சொல்ல மாட்டார். கிருத்திகையும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிடுவார்.

வளவன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் திருத்தணியில் அரக்கோணம் சாலைப் பக்கம் வீடு கட்டத் தொடங்கியபோது, மாடிப்படி திரும்புகிற இடத்தில் மேற்கு பார்த்து ஜன்னலுக்கு ஒரு வாய் விட்டிருந்தார்கள். கட்டடம் பார்க்க வந்த கௌரியம்மாள் அதன் முன் நின்றார். யாரிடமும் இல்லாமல், "இங்க அந்த மாதிரி ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்" என்றார்.

"வெச்சிட்டா போச்சு" என்றார் துளசிங்கம்.

அத்தோடு விட்டிருக்கலாம். கௌரியம்மாள் திரும்பிப் பார்த்தார்.

"ஆங், வெப்பீங்க வெப்பீங்க. எனக்கு ரெட்ட மூக்குத்தி போட்ட மாதிரி, காசிக்குக் கூட்டிகினு போன மாதிரி."

அந்தப் பட்டியலில் சொல்லாமல் விட்டவை இன்னும் நிறைய உண்டு என்பது இருவருக்கும் தெரியும். துளசிங்கம் ஒன்றும் கெட்ட கணவர் இல்லை. எல்லாவற்றையும் செய்யத்தான் நினைத்தார். நினைத்ததாலேயே பாதி செய்துவிட்டதாகத் திருப்தியடைந்து மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட மனிதர். இதையாவது செய்து முடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கு அந்தப் படியிலேயே முடிவு செய்தார்.

வளவன் ஏற்கெனவே கொசுவலை வைத்த அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல் ஒன்றை வாங்கி வைத்திருந்தான். தகப்பனாருக்கு ஒரு கெடு கொடுத்தான். "கிரகப்பிரவேசத்துக்குள்ள உங்க கண்ணாடி வந்தா அது. வரலன்னா என் ஸ்லைடிங். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது நைனா."

கனகம்மாசத்திரத்தில் சாலையோரமாக அனிதாவின் கண்ணாடிக் கடை. பள்ளிப்பட்டுப் பெண். சென்னையில் தொழில் கற்றுவந்து, பூஜையறைக் கதவுகளுக்கு மயிலும் வேலும் வைத்து வண்ணக் கண்ணாடி செய்து கொடுக்கிறாள். துளசிங்கம் அவளிடம் போனது ஆர்டர் கொடுக்கத்தான். அவள் விசிறி வரைந்து காட்டினாள். "இது இல்ல" என்றார். வேறு வரைந்தாள். "இதுவும் இல்ல." எது என்று கேட்டால் கையைக் காற்றில் அசைத்து, "அது ஒரு மாதிரி இருக்கும்மா" என்றார். மூன்றாம் முறை வந்து இதையே சொன்னதும் அனிதா பென்சிலை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"நைனா, ஞாயித்துக்கெழம கிளாஸ் எடுக்கறேன். வந்து கத்துகினு நீங்களே பண்ணிடுங்க. எனக்கும் நிம்மதி, மயிலுக்கும் நிம்மதி."

கேலியாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு அவர் வாசலில் நின்றார்.

முதல் பாடமே அவருக்கு ஒவ்வாத பாடம். கண்ணாடியின்மேல் கட்டரை வைத்து ஒரே இழுப்பாகக் கோடு போட வேண்டும். சரியாகப் போட்டால் 'சர்ர்' என்று துணி கிழிகிற சத்தம் வரும். வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தம் கேட்டால் பதறி எழுந்தவர் அவர். இங்கே அது வந்தால் "சூப்பர் நைனா" என்கிறாள். அவர் கை தானாகவே அழுத்தத்தைக் குறைத்தது. கோடு விழுந்ததா என்று சந்தேகம் வந்து, அதே கோட்டில் இன்னொரு முறை ஓட்டினார். கண்ணாடி அவர் சொன்ன பக்கம் போகாமல் தன் இஷ்டத்துக்குப் பிளந்தது.

"ரெண்டாவது வாட்டி ஓட்டாதீங்க. பயந்துகினு வெட்டுனா கண்ணாடிக்குத் தெரிஞ்சிடும்."

"எங்கப்பன்கூட என்னை இவ்ளோ திட்டனதில்லம்மா."

"தறில நூல் அறுந்தா முடிச்சு போட்டுட்டு ஓட்டுவீங்க. இதுல முடிச்சு கெடையாதே நைனா."

அது அவரை யோசிக்க வைத்தது. அறுந்ததை எல்லாம் முடிச்சு போட்டே பிழைத்தவருக்கு, அறுந்தால் அறுந்ததுதான் என்கிற பொருளோடு பழகுவது சுலபமாக இல்லை. விரல்களில் பிளாஸ்திரி ஏறிக்கொண்டே போனது. பெஞ்சில் இருந்த பெண்கள் இலையும் பூவும் செய்து வீட்டுக்கு எடுத்துப் போன நாட்களில், இவர் பச்சைக் கண்ணாடிச் சில்லுகளை வாளியில் கொட்டிவிட்டுத் திரும்பினார்.

ஆனால் துண்டுகளின் ஓரத்துக்குச் செப்பு டேப் சுற்றும் கட்டம் வந்ததும் கதை மாறியது. ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் மெல்லிய டேப்பை ஒட்டி, இருபுறமும் சமமாக மடித்து நீவ வேண்டும். பிறகுதான் துண்டுகளைச் சேர்த்து ஈயம் உருக்கிப் பற்றவைக்க முடியும். அந்தப் பெண்களின் டேப் ஒருபக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் போய் நிற்க, துளசிங்கத்தின் கரை பிசிறில்லாமல் ஓடியது. அனிதா தூக்கிப் பார்த்தாள்.

"இத எங்க கத்துகினீங்க?"

"கரை கோணலா வந்தா எங்க ஊர்ல பொண்ணு குடுக்க மாட்டான்மா" என்றார். அது பொய். அம்மையார்குப்பத்தில் கோணல் கரைக்காரர்கள் பலரும் நல்ல இடத்தில்தான் சம்பந்தம் செய்திருக்கிறார்கள்.

கை படிந்ததும் ஜன்னலை ஆரம்பித்தார். காகிதத்தில் விசிறி வரைந்து, சுற்றிலும் நீலத்தில் கரை வைத்தார். கரை இல்லாமல் எதையும் முடித்துப் பழக்கமில்லை. சிவப்பு எங்கே என்பதில் சந்தேகமே இல்லை: வலது மூலை, பானைக்கு நேர் எதிரே. மஞ்சள் நடுவில். பச்சைதான் தகராறு. கண்ணை மூடினால் பச்சை வரவில்லை. வீட்டில் சாப்பிடும்போது போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டார்.

"அந்த ரூம்ல பச்சை மேலயா, ஓரமா?"

"ஓரம். இடது பக்கம். ரெண்டு துண்டு."

"ரெண்டா? நான் பாத்ததே இல்லியே."

"நீங்க எங்க பாத்தீங்க? பானை செவந்தா ஓட்டம். பச்ச சாயங்காலம்தான் உள்ளாற வரும்."

கிழக்கு பார்த்த ஜன்னலில் சாயங்காலம் எப்படி வெயில் வரும் என்று அவர் கேட்டார். எதிர்வீட்டு மாடியில் புதிதாக அடித்த வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் என்று கௌரியம்மாள் சொன்னார். அவர் நம்பவில்லை. இருந்தாலும் மறுநாள் இடது ஓரத்தில் பச்சை இரண்டு துண்டு வைத்தார். கேட்டால், அழகுக்காக வைத்தேன் என்று சொல்லத் தயாராக இருந்தார். யாரும் கேட்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் காலை, தலையணைகள் இரண்டுக்கு நடுவே கட்டிய ஜன்னலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னா பெருசு, டிவியா?"

"ஜன்னல்."

"பஸ்லயே ரெண்டு பக்கமும் இருக்குதே, பத்தலியா?"

மேடுபள்ளம் வந்தபோதெல்லாம் துளசிங்கம் தன் முழங்காலைக் கொடுத்து ஜன்னலைக் காப்பாற்றினார்.

புது வீட்டில் கொத்தனார் ஜம்புலிங்கம் மாடிப்படித் திருப்பத்தில் தயாராக நின்றார். ஜன்னல் வாய்க்கு அவர் ஏற்கெனவே மரச்சட்டம் பதித்து, சுற்றிலும் பூசிவிட்டார், மேலே பெயின்டும் ஆகிவிட்டது. இருவருமாகக் கண்ணாடியைத் தூக்கிச் சட்டத்துக்குள் வைத்தார்கள். வைக்கப் பார்த்தார்கள். சாய்த்துப் பார்த்தார்கள். ஜம்புலிங்கம் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாக அளந்தார்.

"எல்லாப் பக்கமும் ஒரு வெரல் கூடுதுங்க."

"கூடாதே. நீ குடுத்த அளவுதானே?" என்றார் துளசிங்கம். "அதுக்கு மேல சுத்தி ஒரு வெரல் விட்டேன். அவ்ளோதான்."

"எதுக்கு விட்டீங்க?"

"எறக்குனா உள்ள வாங்கும் இல்ல? அதுக்குத்தான்."

"எதுங்க உள்ள வாங்கும்?"

தறியில் இழுத்துக் கட்டிய துணி, அறுத்து இறக்கியதும் ஒரு பெருமூச்சு விட்டு உள்வாங்கும். அதற்காக எப்போதும் கேட்ட அளவுக்குமேல் கொஞ்சம் சேர்த்தே நெய்ய வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லோருக்கும் தெரியும். வரைபடத்தைக் காகிதத்தில் போட்ட அன்று அவர் கை, அவரைக் கேட்காமலே சுற்றிலும் ஒரு விரல் சேர்த்துவிட்டது. கண்ணாடி உள்வாங்காது என்பது அவருக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை.

போனில் விஷயத்தைக் கேட்ட அனிதா முதலில் சிரித்தாள். பிறகு வருத்தப்பட்டாள். அதன் பிறகு மறுபடியும் சிரித்தாள். "நைனா, நீங்க கொண்டாந்த பேப்பர்ல இருந்தது ஜன்னல் அளவுன்னுதானே நெனச்சேன்! கரையப் பூரா பிரிச்சு எடுத்து அறுக்கணும். நாளைக்குள்ள ஆவாது. அவசரப்பட்டு ஈயத்த உருக்குனா நடுவுல இருக்கிறதும் விட்டுடும்."

ஜம்புலிங்கம் பார்வையைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். அடுத்தவர் மானம் போகும்போது நல்ல கொத்தனார்கள் சுவரைத்தான் பார்ப்பார்கள். துளசிங்கம் படியில் உட்கார்ந்தார். விரலில் பழைய பிளாஸ்திரி ஒன்று பாதி உரிந்து தொங்கியது. அதை ஒட்ட முயன்றுகொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு வளவன் மேலே வந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"பரவால்ல விடுங்க நைனா. இப்போதைக்கு ஸ்லைடிங்க மாட்டிடலாம். பங்ஷன் முடியட்டும், இத அப்புறம் பாத்துக்கலாம்."

அவனுக்குப் பின்னாலேயே கோலமாவு டப்பாவோடு படியேறி வந்த கௌரியம்மாள் அங்கேயே நின்றார்.

"இன்னா சொன்ன?"

"அப்புறம் மாட்டிக்கலாம்னேன்மா."

"இந்த அப்புறத்த நான் முப்பத்தஞ்சு வருசமா பாத்துகினு இருக்கேன்டா. உங்க வம்சத்துல அது வந்ததே இல்ல." டப்பாவைப் படியில் வைத்துவிட்டுக் கண்ணாடியின் அருகே போனார். தலையணையின்மேல் சாய்த்து வைத்திருந்த ஜன்னலை, தொடாமல், குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். "ஜம்புலிங்கம், கண்ணாடிய சின்னது பண்ண முடியாது. ஓட்டைய பெருசு பண்ண முடியுமா?"

"அம்மா!" என்றான் வளவன்.

"மரச்சட்டத்த எடுத்துட்டா நாலு பக்கமும் எடம் கெடைக்கும்மா" என்றார் ஜம்புலிங்கம், இந்தக் கேள்விக்காகவே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் போல. "கண்ணாடிய நேரா செவுத்துலயே குந்த வெச்சி, மிச்சத்த சிமென்ட்டால மூடிடலாம். ஆனா ஒண்ணு. அப்புறம் ஜன்னல தொறக்க முடியாது."

"பெயின்ட் அடிச்சாச்சும்மா! நாளைக்குக் காலைல பூஜை. புது வீட்ட யாராவது மொத நாளு ஒடப்பாங்களா? காத்து வராது, அவசரத்துக்குத் தொறக்க முடியாது..."

"காத்து வேணும்னா மாடிக்குப் போடா. நான் இன்னா ஒன் வீட்டயா இடிக்கச் சொன்னேன்? ஒரு சட்டத்த எடுக்கச் சொன்னேன்." பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "இந்த மனுசன் எனக்குன்னு ஒண்ணு பண்ணி எடுத்தாந்துட்டாரு. பெருசா பண்ணிட்டாரு, அவ்ளோதானே. சின்னதாதான் பண்ணுவாருன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வளவன் அம்மாவைப் பார்த்தான். நைனாவைப் பார்த்தான். "தூசி கீழ வராம பாத்துக்குங்க" என்று ஜம்புலிங்கத்திடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். போகும்போது அலுமினிய ஜன்னலையும் தூக்கிக்கொண்டு போனான்.

உளிச் சத்தம் கேட்ட நேரமெல்லாம் துளசிங்கம் படியை விட்டு நகரவில்லை.

மறுநாள் பால் பொங்கியது. மாடு வந்தது, வாசலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போனது. அம்மையார்குப்பத்து உறவுக்காரர்கள் வெளியே நின்று ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்கள். பகலில், வெளியிலிருந்து பார்த்தால், உலகத்தின் எந்த வண்ணக் கண்ணாடியும் கரிப்பிடித்த மாதிரிதான் இருக்கும். ஒரு மாமா, உடைந்துபோன கண்ணாடியை ஒட்டி வைத்திருக்கிறார்களோ என்று கவலையோடு விசாரித்தார். சுற்றிலும் ஈரம் காயாத சிமென்ட்டைப் பார்த்தவர்கள், பணம் பத்தவில்லைபோல என்று தமக்குள் முடிவு செய்து, வளவனிடம் கூடுதல் அன்போடு பேசினார்கள். துளசிங்கம் யாரையும் திருத்தவில்லை. படியில் ஏறிப்போன ஓரிருவருக்கும் அந்த நேரத்தில் அது பார்க்க ஒன்றுமில்லாததாகவே இருந்தது. வெயில் இன்னும் வீட்டின் அந்தப் பக்கம் வரவில்லை.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, வாடகை நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப் போக ஆள் வந்த சமயம், துளசிங்கம் மனைவியைத் தேடினார். கீழே இல்லை. சமையற்கட்டில் இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

திருப்பத்தில், வெறும் தரையில், பட்டுப் புடவையோடு கௌரியம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மேற்கு வெயில் நேராக வந்துவிட்டது. சிவப்பு எதிர்ச் சுவரில் இருந்தது. மஞ்சள் படிகளில் ஒவ்வொன்றாக மடிந்து இறங்கியது. தோளிலும் கழுத்திலும் பச்சை. தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பப் பார்த்தபோது குரல் வந்தது.

"இந்நேரத்துக்கு நீங்க பஸ்ல வந்துகினு இருப்பீங்க. நான் அடுப்ப மூட்டிட்டு இப்படித்தான் படுப்பேன். மொதல்ல மஞ்சள் போயிடும். அப்புறம் இந்தப் பச்சை மட்டும் கொஞ்ச நேரம் பாய்மேல நிக்கும். நீங்க கதவத் தட்டும்போது அதுவும் போயிருக்கும்."

துளசிங்கம் அந்த அறையில் மூன்று வருஷம் இருந்தவர். கண்ணாடியை ஞாபகத்திலிருந்தே செய்து முடித்தவர். பச்சை சாயங்காலம் வரும் என்பதை அவர் இப்போதுதான் பார்க்கிறார்.

மாடியிலிருந்து வளவன் நாற்காலி அடுக்கோடு இறங்கி வந்தான். மேலே கிடந்த மிச்ச நாற்காலிகளையும் கீழே கொண்டுபோக வேண்டும். அம்மாவைப் பார்த்து நின்றுவிட்டான்.

"மாடிப்படில யாராவது தூங்குவாங்களாம்மா? எப்படிப் போறது நான்?"

"தாண்டிப் போடா."

அவன் அடுக்கைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, அம்மாவின் கால்பக்கமாகச் சுவரை ஒட்டி நடந்து கீழே போனான். துளசிங்கம் ஜன்னலுக்கும் மனைவிக்கும் நடுவே, முழங்காலை நீட்டி, ஜன்னலுக்கு முதுகு காட்டி மெல்ல உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க" என்றார் கௌரியம்மாள். "பச்சைய மறைக்கிறீங்க."